அக்காவுக்கு எந்த லென்ஸ்

“ஓடுற சாமானா, நிக்கிற சாமானா? அத மொதல்ல செல்லுங்க.”

“ஓடாது நானா. ஆனா நான் கிட்டப் போனா வெறச்சுப் போயிரும்.”

“பறந்துராதா?”

“பறக்காது. மரக்கட்ட மாதிரி நிக்கும். தூரத்துல இருந்தாத்தான் நல்லாச் சிரிக்கும்.”

மர்ஸூக் கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தார். “சிரிக்குமா? அது என்ன குருவி?”

“குருவி இல்ல நானா. எங்க அக்கா.”

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், டியூஷன் வகுப்பு நடக்கும் மாடிக்குக் கீழே இருந்தது மர்ஸூக்கின் கடை. இருபது வருடம் கல்யாண வீடுகளில் படமெடுத்தவர். முழங்கால் வலி வந்த பிறகு பழைய கெமராக்களை வாங்கி விற்கத் தொடங்கியிருந்தார். ஊரிலுள்ள படக்காரர்கள் எல்லாரும் கண்ணாடியில்லாத புதுவகைக் கெமராக்களுக்கு மாறிக்கொண்டிருந்ததால், அவர்கள் கழித்துவிட்ட டிஎஸ்எல்ஆர்கள் அவருடைய அலுமாரிக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் சிவசக்தி இங்கே வருவது இது ஐந்தாவது சனிக்கிழமை. அவள் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனை நிலையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. வருகிறவர்களின் பெயர்களைப் பதிந்து முடித்ததும், பகல் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே இங்கே ஓடி வந்துவிடுவாள்.

கெமரா முடிவாகிவிட்டது. மூலையில் லேசாகத் தேய்ந்த, கைக்கு அடக்கமான ஒரு கறுப்பு நிக்கோன். அதோடு வந்த சின்ன லென்ஸை மர்ஸூக்கே டார்ச் அடித்துக் காட்டி வேண்டாமென்று சொல்லிவிட்டார். உள்ளே சிலந்தி நூல் போலப் பூசணம் ஓடியிருந்தது. மலைக் குளிரில் பூட்டி வைக்கிற லென்ஸுக்கெல்லாம் வருகிற வியாதி அது என்றார். மிச்சம் இரண்டு. ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் ஐம்பது மில்லிமீட்டர். மற்றது, தூரத்தைக் கிட்டே இழுக்கிற, திருகத் திருக முழங்கை நீளத்துக்கு வளரும் எழுபது–முந்நூறு. இரண்டில் ஒன்றைத்தான் அவளால் வாங்க முடியும்.

எந்த லென்ஸ் எந்த வெளிச்சத்தில் எப்படித் தடுமாறும் என்று போனில் பார்த்துப் பார்த்து அவள் மனப்பாடம் செய்திருந்தாள். தெரியத் தெரியக் குழப்பம்தான் கூடியது. ஐம்பதைக் கையில் எடுத்தால் முந்நூறு அலுமாரிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தது. முந்நூறைத் தூக்கினால் ஐம்பதின் சின்ன வட்டக் கண் பாவமாகத் தெரிந்தது.

“ஆள எடுக்க ஐம்பதுதான் தங்கச்சி. மொகம் மட்டும் பளிச்சுண்டு விழும். பின்னுக்கு உள்ளதெல்லாம் கரஞ்சிரும்.”

“அதுக்குக் கிட்டப் போகணுமே.”

“ரெண்டு எட்டு வச்சாப் போச்சு.”

“அந்த ரெண்டு எட்டுதான் நானா பிரச்சின.”

அவர் விளங்காமல் பார்த்தார். அவளுக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் அம்மாவின் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் முக்கால்வாசியில் செத்தவர்களின் படம் அப்படி வந்ததுதான். அட்டைக்குப் படமெடுக்கிறவன் “அசையாதீங்க, சிரிக்காதீங்க” என்று சொன்ன அந்த ஒரு நிமிடத்து முகமே பிறகு மாலை போட்டுக்கொண்டு நிரந்தரமாக இருந்துவிடும். அம்மா போகும்போது சிவசக்திக்கு ஐந்து வயது. இப்போது கண்ணை மூடினால் அட்டை முகம் மட்டும்தான் வருகிறது. உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ திட்டுவதைக் கேட்டு நிற்கிற முகம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா ஜீவராணி குவைத்துக்குப் போகிறாள். இரண்டு வருட ஒப்பந்தம். நான்கு வயது மகள் யதுஷாவை ஹல்துமுல்லையில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டாயிற்று. அக்காவின் படம் என்று வீட்டில் இருப்பது பாஸ்போட்டுக்கு எடுத்தது மட்டும். அதிலும் அதே இறுக்கிய உதடு. அவள் போவதற்குள் சிரிக்கிற அக்காவாக ஒரு படம், ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். போனைத் தூக்கினாலே அக்கா பாஸ்போட் முகத்துக்குப் போய்விடுகிறாள். எதிர்மலையில் ஒளிந்து நின்று, அவளுக்குத் தெரியாமல், கொழுந்து பறிக்கையில் கூட்டத்தோடு சிரிக்கிற நேரம் பார்த்து எடுத்தால்தான் உண்டு.

“பெருசத்தான் எடுக்கிறேன்” என்றாள்.

மர்ஸூக் பெருமூச்சு விட்டார். “கொண்டு போய் எடுத்துப் பாருங்க. திங்கக்கெழம கட சாத்த முந்தி வந்தா மாத்தித் தாறேன். கீறல் விழப்படா. மழைல நனையப்படா. செவ்வாய்க்கு வந்து மாத்தக் கேக்கவும்படா.”

“செவ்வாய்க்கு அக்காவே இருக்காது நானா.”

பண்டாரவளை வரைக்கும் பையை மடியை விட்டு இறக்கவில்லை. தெமோதரை தாண்டும்போது ஐம்பதையே எடுத்திருக்கலாம் என்று தோன்றியது. பண்டாரவளையில் பஸ் மாறும்போது, நல்லவேளை எடுக்கவில்லை என்று பட்டது. பூனாகலைப் பாதையின் வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து ஏற, பையின் வாயைத் திறந்து லென்ஸைத் தொட்டுத் தொட்டு மூடினாள். பக்கத்து சீட் அம்மா, “கோழிக்குஞ்சா பிள்ள?” என்று கேட்டே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காசுக் கொழுந்து. விடுமுறை நாளில் விரும்பினவர்கள் போய்ப் பறித்து, நிறுத்த கிலோவுக்கு அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்வார்கள். நாளை மறுநாள் பிளேன் ஏறப் போகிறவளுக்கு எதற்கு என்று வரிசை வீடு முழுக்கக் கேட்டது. “சும்மா ஒக்காந்திருந்தா காலு நடுங்குது” என்று சொல்லிவிட்டு அக்கா சாக்கைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் போன கால்மணி நேரத்தில் சிவசக்தி மழைக்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு எதிர்மலைப் பாதைக்கு ஏறினாள். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு லிப்டன் சீட் மலையுச்சிக்குப் போகிற த்ரீவீலர்கள் திரும்பும் வளைவில் ஒரு சவுக்கு மரம் இருந்தது. அதில் முதுகைச் சாய்த்து, லென்ஸை முந்நூறுக்குத் திருகினாள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்த மலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து நின்றது. நிரைகளுக்கிடையே பெண்கள். மூன்றாவது நிரையில் அக்கா. பக்கத்து நிரையில் அவளுடைய கூட்டாளி ரெங்கம்மா ஏதோ சொல்லிக்கொண்டே பறித்தாள். அக்காவின் தோள் குலுங்கியது. முகவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, கொழுந்து நிறைந்த புறங்கையால் வாயைப் பொத்தி, பொத்தின கையை மீறிச் சிரித்தாள். சத்தம் வரவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது.

சிவசக்தி பொத்தானை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் ஒரு கை அளவு இறங்கியது. லென்ஸ் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துத் தேடியது. ஒரு தேயிலைச் செடியைக் காட்டியது, வெறும் புகையைக் காட்டியது, ரெங்கம்மாவின் சாக்கைக் காட்டியது. மறுபடி அக்காவைப் பிடித்துத் தந்தபோது சிரிப்பு முடிந்திருந்தது.

ரெங்கம்மா தலையை நிமிர்த்தி நேராக இந்தப் பக்கம் பார்த்தாள். ஏதோ சொன்னாள்.

நிரை மொத்தமும் மாறியது. பாதை வளைவில் ஒரு நீளமான லென்ஸ் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மலையிலுள்ள எல்லாருக்கும் தெரியும். வாரம் முழுக்கப் பதுளையில் கிடக்கிற சிவசக்திக்குத்தான் அது மறந்து போயிருந்தது. சாக்கு முதுகில் நேரானது. தலைத்துணிகள் ஒதுங்கி முகங்கள் தெரிந்தன. குனிந்திருந்தவர்கள் இடுப்பில் கை வைத்து ஒருக்களித்து நின்றார்கள். அக்கா ஒரு கொழுந்தைக் கிள்ளி இரண்டு விரலுக்கிடையில் பூவைப் போலப் பிடித்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். பிறகு சிரித்தாள்.

வாயைத் திறந்து, பல் தெரிய, கண்ணோரம் சுருங்க. நேராகச் சிவசக்தியின் கண்ணுக்குள்.

இருபத்தாறு வருடத்தில் அக்கா ஒருநாளும் தன்னை இப்படிப் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சாப்பிட்டியா என்று பார்ப்பாள். பஸ்ஸுக்குக் காசு இருக்கா என்று பார்ப்பாள். இது எதையும் விசாரிக்காத, எதற்கும் பயப்படாத பார்வை. விரல் தானாக அழுத்தியது. ஐந்து தடவை. ஐந்துமே பிசகாமல் விழுந்தன.

அப்போதே தொப்பியைக் கழற்றி “நான்தான்க்கா” என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அக்காவும் ரெங்கம்மாவும் செடிகளை விலக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, பாதைக்கு ஏறி வந்தார்கள். அக்கா முன்னால் வந்தாள். “ஹலோ மேடம், போட்டோ குட்? போட்டோ குட்?” வலது கை நீண்டிருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

நாலு அடி தூரத்தில் நின்றாள். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, சிரிப்பு மட்டும் முகத்திலிருந்து இறங்கிப் போனது.

“நீயா?”

ரெங்கம்மா பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அடிப்பாவி, கூடப் பொறந்தவகிட்டயே கைய நீட்டிட்டியே ராணி. இவ வெள்ளக்காரின்னு நெனச்சுல்ல நான் இருக்கிற பல்லையெல்லாம் காட்டினேன். ஏய் புள்ள, எனக்குச் சேர வேண்டிய காசக் குடுத்துட்டுப் போ.”

அக்கா நீட்டிய கையால் சிவசக்தியின் மழைக்கோட்டில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டாள். “பனில நிக்காத தொரசாணி. வீட்டுக்குப் போய் ஒலைய வையி.” பிறகு திரும்பிப் பார்க்காமல் பள்ளத்தில் இறங்கினாள்.

சாயந்தரம் அக்காதான் கேட்டாள். “எங்க, காட்டு.”

சிவசக்தி கெமராவின் சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினாள். அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

“இது நானா?”

“நீதான்.”

“நல்லாத்தான இருக்கேன்.” திரையில் படாமல் விரலை முகத்தின் மேலாக ஓட்டினாள். “இதப் பெருசாக்கி யதுஷாவுக்குக் குடு. அங்க மாட்டி வைக்கட்டும்.”

“இது வேணாங்க்கா. நாளைக்கு வேற எடுப்போம்.”

“ஏன், இதுக்கு என்ன?”

“இது நீ ரோட்டுல போறவங்களுக்குச் சிரிக்கிற சிரிப்பு.”

“அவங்களுக்குச் சிரிச்சா என்ன? வாயி என்னோடதுதான?”

சிவசக்தி கெமராவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

“அம்மா படத்துல சிரிக்கலன்னு நீதான் சொல்லிக்கிட்டுத் திரிவ. நான் பல்லு தெரியச் சிரிச்சிருக்கேன். இப்ப அது சரியில்லங்கிற. ஒனக்கு என்னதான் சத்தி வேணும்?”

அதுதான் அவளுக்கே பிடிபடவில்லை. புறங்கையால் பொத்தின அந்தச் சிரிப்பு வேண்டும். அது தன் பக்கம் திரும்பியும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று எந்த லென்ஸில் விழும்?

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே பதுளைக்கு இறங்கினாள். மர்ஸூக் அப்போதுதான் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். கெமராவை வாங்கி, லென்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரையில் படங்களைத் தள்ளினார். கை நின்றது.

“மாஷா அல்லாஹ். குருவி சிரிக்கிது தங்கச்சி. இத அப்படியே கலண்டர்ல போடலாம். ஹோட்டல்காரங்க கண்டாச் சொவர் நெறைய ஒட்டுவாங்க.”

அவர் மனதாரத்தான் சொன்னார். சிவசக்திக்குக் காது சுட்டது. எங்கோ ஒரு ஹோட்டலின் சாப்பாட்டறைச் சுவரில், தட்டுகளுக்கு மேலே, அக்கா பெயரில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

“மாத்திக் குடுங்க நானா. ஐம்பது.”

“இவ்வளவு நல்லா விழுந்த லென்ஸையா?”

“மாத்திக் குடுங்க.”

அவர் ஐம்பதை எடுத்து ஊதித் துடைத்து மாட்டினார். கெமரா திடீரென்று இலேசாகிவிட்டது. “வேற கொற ஒண்டும் இல்லியே?”

“மெமரி கார்டு ரெண்டு தடவ நின்னு போச்சு.”

“பழைய கார்டு. ஃபோர்மட் பண்ணினாச் சரியாகும். உள்ளுக்கு ஈக்கிறது அத்தனையும் போகும், இந்தப் படம் உட்பட. போன்ல எறக்கிக்கொண்டீங்களா?”

இறக்கவில்லை. நேற்று முழுக்க நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டிருந்தாள். வெளியே ஹாலிஎல பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. பரிசோதனை நிலையத்தில் அரை நாள் வேலையை முடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தால் மூன்று மணிக்கு வீட்டில் இருக்கலாம். ஐந்து மணிவரை வெளிச்சம் இருக்கும். இரண்டு மணி நேரம், இரண்டு எட்டு தூரம், இந்தச் சின்னக் கண். எடுத்துவிடலாம். அந்தப் படம் இருந்தால் அக்கா அதையே பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“பண்ணுங்க நானா.”

“யோசிச்சுத்தான் செல்றீங்களா?”

“பண்ணுங்க.”

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றே கால். அக்கா இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்து, பெட்டியின் கைப்பிடியில் சிவப்புத் துணிக்கிழிசல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏர்போட்டில் ஒரே மாதிரிப் பெட்டிகள் நூறு வருமாம். ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். வாசலிலிருந்து சரிந்து வந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் பாதியை மட்டும் தொட்டது. இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது.

“அக்கா, அப்படியே இரு. நீ ஒன் வேலையப் பாரு.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?”

சிவசக்தி இரண்டு எட்டு வைத்தாள். ஐம்பதில் திருகுவதற்கு ஒன்றுமில்லை. கிட்டே வேண்டுமென்றால் காலால்தான் போக வேண்டும். கெமரா முகத்துக்கு ஏறியதும் அக்காவின் கை முடிச்சில் நின்றது. முதுகு நிமிர்ந்தது. உதடு மூடிக்கொண்டது.

சிவசக்தி ரெங்கம்மாவைப் பற்றிக் கேட்டாள். ஏஜென்சிக்காரனைப் போல மூக்கால் பேசிக் காட்டினாள். கோழிக்குஞ்சு அம்மாவின் கதையைச் சொன்னாள். கெமரா இறங்கும்போதெல்லாம் அக்கா சிரித்தாள். ஏறும்போதெல்லாம் நிறுத்தினாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவளாலும் முடியவில்லை. அறுபத்திரண்டு படம் விழுந்திருந்தது. திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மர்ஸூக் சொன்னது மெய்தான். முகம் பளிச்சென்று இருந்தது, பின்னாலிருந்த சுவர் கரைந்து போயிருந்தது. கண்ணிமை முடியைக்கூட எண்ணலாம். அவ்வளவு துல்லியமாக அறுபத்திரண்டு தடவையும் அம்மாவின் அட்டை முகம் அவளைப் பார்த்தது.

வெளிச்சம் கன்னத்தை விட்டுக் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

“போதும் விடு சத்தி.” அக்கா முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்தாள். “கண்ணு கூசுது. நேத்து எடுத்ததுதான் இருக்கே, அது போதும். யதுஷாகிட்ட இப்பத்தான் போன்ல சொன்னேன், அம்மா சிரிக்கிற படம் ஒன்னு சித்தி கொண்டாந்து மாட்டுவான்னு. எத்தன பல்லு தெரியும்னு கேக்குறா.”

சிவசக்தி கார்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். வேறு ஏதோ வந்தது. “பெட்டி கனமா இருக்கா?”

“கனமா? உள்ள என்ன இருக்கு கனக்க?”

சிவசக்தி பின்னால் நகர்ந்தாள். ஒரு எட்டு, இரண்டு எட்டு. இஸ்தோப்பிலிருந்து இறங்கி, வாசல் ஓரத்துச் சாக்கடைக் கானைத் தாண்டி, எதிர்ப்பக்கத் தேயிலை ஓரம்வரை போனாள். ஐம்பதில் அங்கிருந்து அக்கா கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தாள். மழைக்கோட்டுப் பையிலிருந்த தொப்பியை எடுத்துக் கண்வரை இழுத்துப் போட்டாள்.

“என்னடி கூத்து இது?” அக்கா வாசலில் நின்று கேட்டாள்.

சிவசக்தி கெமராவைத் தூக்கினாள். பிறகு மறுபடி நடக்கத் தொடங்கினாள், கானைத் தாண்டி, படியேறி, பாதையில் வருகிற யாரோ ஒருத்தியைப் போல. இரண்டு எட்டு தூரத்தில் நின்றாள். கண்ணாடிக்குள் உதடு இறுகத் தொடங்குவது தெரிந்தது.

“அக்கா,” என்றாள், கெமராவை இறக்காமல். “ஒரே ஒரு தடவ, நான் யாருன்னே தெரியாத மாதிரி என்னயப் பாரேன்.”